பொதுத் தொண்டை

ஜூலை 12, 2020. ஞாயிறு

எட்வினைக் கொன்றது எங்கள் தெரு.

மாரடைப்பு என்று டாக்டர் எழுதிக்கொடுத்திருக்கிறார். குடித்துக் குடித்துச் செத்தான் என்று கார்ப்பெண்டர் வீட்டு வாசலில் பேசிக்கொள்கிறார்கள். இருபத்தாறு வயது ஏசி மெக்கானிக். பீர் வாசனைகூட ஆகாது அவனுக்கு. எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் பேசுகிறார்கள்.

இன்று முழு ஊரடங்கு. பால் கடைகூடத் திறக்கவில்லை. கல்லறைக்குப் போக இருபது பேருக்கு அனுமதி கிடைத்தது, போனவர்கள் ஒன்பது பேர். நான் போகவில்லை. காலையில் குழாயில் தண்ணீர் வந்தது. பிடித்து வைத்தேன். இட்லிக்கு அரிசி ஊறப்போட்டேன். மாலையில் எடுத்து அரைத்தேன்.

எட்வினுக்குப் புதன்கிழமை காய்ச்சல் வந்தது. கொரோனா சோதனை எடுத்தார்கள். வெள்ளிக்கிழமை நெகட்டிவ் என்று ரிப்போர்ட். நேற்றுக் காலை மூச்சு இழுக்கத் தொடங்கியது. எங்கள் கேரம் கூட்டாளி இப்ராகிம் தன் ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். காய்ச்சல் வார்டு வாசலில், "நெகட்டிவ்தானே, பொது வார்டுக்குப் போங்க" என்றார்களாம். பொது வார்டு வாசலில், "மூச்சுத் திணறலா, காய்ச்சல் வார்டுக்குப் போங்க" என்றார்களாம். இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் இருக்கிறது. அங்கேதான் முடிந்தது என்று இப்ராகிம் சொன்னான்.

அந்த ரிப்போர்ட்டை நான் நம்பவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

மரக்கிடங்கு இரண்டாம் சந்தில் இதுவரை ஒரு கேஸும் இல்லை. நான் சொல்லவில்லை, வார்டு போர்டில் பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. சுற்றி நாலு பக்கமும் சிவப்பு. நடுவில் நாங்கள் மட்டும் பச்சை.

வீடு வீடாகப் போய் நெற்றியில் தெர்மாமீட்டர் துப்பாக்கி வைத்துச் சூடு பார்ப்பது என் வேலை. பி.எஸ்சி படித்துவிட்டு இதைத்தான் செய்கிறேன், தற்காலிகமாக. பச்சை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஒரு வீட்டில் கேஸ் வந்தால் வாசலைத் தகரம் அடித்து அடைப்பார்கள். மூன்று வீட்டில் வந்தால் சந்து முனையிலேயே தகரம். எங்கள் சந்துப் பெண்களில் பாதிப் பேர், என் அம்மா உட்பட, ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் இருக்கும் அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறார்கள். அந்த கேட்டில் வாட்ச்மேன் ஒரே கேள்விதான் கேட்பான்: "உங்க தெருவுல கேஸ் இருக்கா?"

அதனால் எங்கள் ஆட்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சோதனை எடுக்க வரும் ஏஜென்சிப் பையன்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை பேர் தொண்டையில் குச்சி விடவேண்டும் என்று கணக்கு உண்டு. யார் தொண்டை என்று அவர்கள் பார்ப்பதில்லை. பெயர், வயது, போன் நம்பர் சொன்னால் போதும். காய்ச்சல் வந்தவர் உள்ளே போர்த்திப் படுத்திருப்பார். அவர் பெயரில் ஆரோக்கியமான ஒருவன் வாசலில் போய் வாயைத் திறப்பான். அந்த ஆரோக்கியமானவன் எப்போதும் எட்வின்.

எங்கள் தெருச் சங்கத் தலைவர் தணிகாசலம்தான் முதலில் அவனைக் கூப்பிட்டார். "உனுக்கு இன்னாடா, இரும்பு ஒடம்பு. எங்க மாமனார் பேர்ல ஒரு தபா ஆ காட்டிட்டு வந்துடு."

அப்புறம் எல்லாரும் கூப்பிட்டார்கள். எட்வின் அறுபத்தெட்டு வயது முனுசாமியாக இருந்தான். டெய்லர் பாஷாவாக இருந்தான். ஒரு நாள் காலையில் ஒருவர், மதியம் ஒருவர்.

"என் தொண்ட என்னுதே இல்ல நிரோ. தெருவோட பொதுத் தொண்ட. பொதுக் குழாய் மாரி, வர்றவன் போறவன்லாம் தொறந்து பாக்கறான்."

சிரித்தேன். நானும்தான் சிரித்தேன்.

ஜூலை 15, புதன்

இன்று நாற்பது வீடு பார்த்தேன். எல்லாருக்கும் நார்மல். துப்பாக்கி வரும் என்று தெரிந்தால் ஒரு மணி நேரம் முன்னாலேயே மாத்திரை போட்டுக்கொள்கிறார்கள்.

ராத்திரி ரசத்தில் அம்மா பெருங்காயம் போட மறந்துவிட்டாள். சொன்னேன். "கொட்டியிருக்கேன்டி, மூக்கு அவிஞ்சிபோச்சா?" என்றாள்.

ஜூலை 19, ஞாயிறு

மறுபடியும் முழு ஊரடங்கு. சந்தே பிணம் மாதிரிக் கிடக்கிறது. மாஸ்க்குகளைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு மாடியில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து கேரம் மன்றத்தின் ஓடு தெரியும்.

ஞாயிறு என்றால் மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அங்கே கூட்டம் சேர்ந்துவிடும். ஒரே அறை. நான்கு போர்டு. ஒவ்வொரு போர்டுக்கும் மேலே தகர மூடி போட்ட ஒரு பல்பு, தலையில் இடிக்கும் உயரத்தில். காய் மோதும் சத்தம் ரேஷன் கடை வரைக்கும் கேட்கும். நான் பன்னிரண்டு வயதில் அண்ணனைக் கூப்பிடப் போனவள், அங்கேயே நின்றுவிட்டேன். அங்கே ஆடிய ஒரே பெண் நான்தான். வீட்டுக்கு வந்தால் முழங்கையில் வெள்ளை வெள்ளையாகப் பவுடர் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துத்தான் அம்மா அடிப்பாள்.

எட்வின் ஆடும்போது பேசிக்கொண்டே ஆடுவான். எதிரே இருப்பவனுக்கு எரிச்சல் வரவேண்டும், அதுதான் கணக்கு. "அண்ணே, அந்தக் காய் உங்கள நம்பி வந்துச்சி. நடுத்தெருவுல உட்டுட்டீங்களே." ஸ்ட்ரைக்கரைக் கட்டைவிரலால் தள்ளுவான். எல்லாரும் அது தப்பான முறை என்பார்கள். எல்லாரும் அவனிடம் தோற்பார்கள். டபுள்ஸ் என்றால் என்னைத்தான் எதிரே உட்காரவைப்பான். "நிரோ முறைச்சிப் பாத்தா காயே பயந்து உள்ள போயிடும்."

மாவட்டப் போட்டிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்த் தோற்று, திரும்பும்போது பீச் ஸ்டேஷனில் வேர்க்கடலை வாங்கிக்கொண்டு, கடைசி ரயிலைப் போகவிட்டு, நடந்தே வந்தோம். தோற்றதற்கு இப்ராகிம் அழுதான். எட்வின் அவன் கண்ணீரில் உப்பு போதாது என்று கடலையில் இன்னும் உப்புப் போடச் சொன்னான். தோற்ற நாள்தான் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜெயித்த கோப்பைகள் எங்கே என்றுகூடத் தெரியாது.

அந்த அறைக்கு ஒரு வாசனை உண்டு. மரம், பவுடர், வியர்வை, பக்கத்து டீக்கடைப் பால். நினைத்துப் பார்க்கிறேன், வரமாட்டேன் என்கிறது.

மார்ச்சில் பூட்டியது. அதற்குப் பிறகு உள்ளே யாரும் போகவில்லை. நானும் எட்வினைத் தெருவில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஜூலை 23, வியாழன்

இப்ராகிமை ஆட்டோ ஸ்டாண்டில் பிடித்தேன். ஸ்டாண்டில் வேறு யாரும் இல்லை.

"எட்வின் பேர்ல ஆ காட்டினது யாரு?"

"இன்னா நிரோ, புதுசா கேக்கற? அவனேதான்."

"அன்னிக்கு அவன் எழுந்து நிக்கவே இல்லன்னு எனக்குத் தெரியும்."

"உனுக்கு எப்பிடித் தெரியும்?"

ஆட்டோவின் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவன் ஹேண்டில்பாரைத் துணியால் துடைத்தான்.

"நாந்தான். புளோரா ஆன்ட்டி வந்து கைய புடிச்சிக்கிச்சி. 'ஊருக்கெல்லாம் எம்புள்ள காட்டுனான், அவனுக்கு ஒருத்தன் காட்டக் கூடாதாடா'ன்னிச்சி. நா எப்பிடி இல்லன்றது?"

"ஆஸ்பத்திரி வாசல்ல? ரெண்டு வாசல்லயும் மாத்தி மாத்தித் தொரத்துனாங்களே, அப்பயாச்சும் சொல்லியிருக்கலாம்ல? அது அவன் தொண்ட இல்ல, என் தொண்டன்னு?"

"வாய் வர்ல நிரோ." இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். "குச்சிக்குத் தொறந்த வாயி, அப்ப வர்ல."

திட்டலாம் என்று போனேன். அவன் ஆட்டோவிலேயே வீடு வந்து இறங்கினேன்.

ஜூலை 24, வெள்ளி

சூடு பார்க்கும் வேலையில் புளோரா ஆன்ட்டி வீட்டை விட்டுவிட்டேன். நார்மல் என்று நானே எழுதிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 6, வியாழன்

ரத்தம் எடுக்க ஒரு குழு வந்திருக்கிறது. இது காய்ச்சல் சோதனை இல்லை. நோய் வந்து போயிருந்தால் உடம்பு அதை எதிர்த்துச் சண்டை போட்டிருக்கும். அதற்காக உடம்பு செய்த எதிர்ப்புச் சக்தி ரத்தத்தில் மிச்சம் இருக்கும். அது எத்தனை பேருக்கு இருக்கிறது என்று பகுதி பகுதியாகக் கணக்கெடுக்கிறார்கள். குழுவில் ஹேமலதா அக்கா என்று ஒருவர். வலி தெரியாமல் ஊசி குத்துகிறார்.

தணிகாசலம் சந்து முனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். "ஒருத்தரும் குடுக்காதீங்க. ரத்தத்த எடுத்துக்கினு போய் அப்பால தகரத்த எடுத்துக்கினு வருவானுங்க."

"தகரம் வராது," என்றேன். "பேர் எழுத மாட்டாங்க. டோக்கன் நம்பர்தான்."

"நீ யாரு, கலெக்டரா?"

"இந்தச் சந்துல யார் யாருக்கு எந்தெந்த ராத்திரி காய்ச்சல்னு தெரிஞ்சவ. உங்க மாமனார்ல இருந்து வரிசையா சொல்லட்டா?"

நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதல் ஆளாக நான் கை நீட்டினேன்.

ஆகஸ்ட் 22, சனி

முடிவு வந்துவிட்டது. எங்கள் சந்தில் பத்துக்கு ஏழு பேருக்கு வந்து போயிருக்கிறது. சிவப்புத் தெருக்களைவிட எங்கள் பச்சைத் தெருவில்தான் அதிகம். பேப்பரில் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்: நோயை வென்ற பகுதி, மக்களிடம் எதிர்ப்புச் சக்தி, ஒரு மரணமும் இல்லை.

ஒரு மரணமும் இல்லையாம்.

புளோரா ஆன்ட்டியின் டோக்கனை யாரோ கொண்டுவந்து கொடுத்து, அவருக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். இருக்கிறது. அம்மாவுக்கு இருக்கிறது. எனக்கும் இருக்கிறது, நிறைய. "எங்க புடிச்ச?" என்று ஹேமலதா அக்கா கேட்டார். ரேஷன் கடையாக இருக்கும் என்றேன்.

ரேஷன் கடையாகத்தான் இருக்கும். அரிசிக்கு நின்ற வரிசையில் எல்லாரும் ஒருத்தர் மேல் ஒருத்தர்.

இந்த வருஷம் ஜூலை தொடக்கத்தில் ஒரு சாயங்காலம் திடீரென்று மழை. ஓட்டின் மேல் மழை விழுந்தால் அந்த அறைக்குள் வேறு சத்தமே கேட்காது. பல்பு எரியவில்லை, கரண்ட் இல்லை. ஒரு போர்டின் மேல் மட்டும் ஜன்னல் வெளிச்சம். மார்ச்சில் பாதியில் விட்ட ஆட்டம் அப்படியே இருந்தது. சிவப்புக் காய் உள்ளே போயிருந்தது, அது செல்ல அடுத்துப் போடவேண்டிய ஃபாலோ காய் போடவில்லை. ஈரத்தில் காய் நகரவே இல்லை. டீக்கடை மூடியிருந்ததால் பிளாஸ்க்கில் வந்த டீ, ஒரே கிளாஸ்.

சும்மா எழுதினேன். ரேஷன் கடைதான்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளரம்மா எங்கள் சந்துக்கே வந்தார். கண்ணாடி மூடி போட்ட முகம், கையுறை. இனிமேல் வேலைக்கு எங்கள் சந்துப் பெண்கள்தான் வேண்டுமாம், எதிர்ப்புச் சக்தி இருக்கிற டோக்கனைக் காட்டினால் கேட்டைத் திறப்பார்களாம்.

"உங்க ஜனங்களுக்கு உடம்பே வேற மாதிரி. இந்தத் தண்ணி, இந்தச் சாக்கடை எல்லாத்தையும் தாங்கித் தாங்கி இயற்கையாவே பவர் வந்துடுது. எங்களுக்குத்தான் ஒண்ணும் தாங்காது," என்றார் சிரித்துக்கொண்டே.

அம்மாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

"தாங்காதவங்களும் எங்ககிட்ட இருந்தாங்க மேடம்," என்றேன். "இருபத்தாறு வயசு. உங்க ஏசிய அவன்தான் பாத்தான்."

"எந்தப் பையன்? அந்த வாயாடியா? அச்சச்சோ. ஏதோ ஹார்ட்டுன்னு சொன்னாங்க."

அம்மா என் கையைக் கிள்ளினாள். கிள்ளிய இடம் இப்போதும் சிவந்திருக்கிறது. போன மாதம் வரை நோய் இல்லை என்று பொய் சொன்னால் வேலை. இந்த மாதத்திலிருந்து நோய் வந்தது என்று நிரூபித்தால் வேலை. நடுவில் செத்தவனுக்கு மட்டும் எந்த கேட்டும் திறக்காது.

செப்டம்பர் 8, செவ்வாய்

சுகாதார அலுவலகத்துக்குப் போனேன். எட்வின் சாவின் காரணத்தை மாற்றி எழுதவேண்டும் என்றேன். அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். இறந்தவரின் ரத்தம் இல்லை, ரிப்போர்ட் நெகட்டிவ், எதை வைத்து மாற்றுவது என்று கேட்டார்.

"அந்தத் தொண்டை அவனுது இல்ல சார்."

"அதை யாராவது எழுதிக் கையெழுத்துப் போடுவாங்களா?"

அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். நவம்பரில் இரண்டாம் சுற்று ரத்தம் எடுக்கப் போகிறார்கள். முதல் சுற்றில் பெயர் இல்லை, அதனால் அது சாட்சி ஆகாது. இந்தத் தடவை விரும்பினால் பெயரோடு கொடுக்கலாம். கூட இருந்தவர்களுக்கு வந்து போயிருக்கிறது என்று பெயரோடு ரிப்போர்ட் இருந்தால், தொண்டை கொடுத்தவனின் வாக்குமூலமும் இருந்தால், இறப்புகளை மறுபடி பார்க்கும் குழுவுக்கு அனுப்புவாராம்.

இப்ராகிம் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டான். "போலீஸ்ல புடிச்சா புடிக்கட்டும். தூக்கம் வந்தா போதும்."

மிச்சம் இருப்பது புளோரா ஆன்ட்டி.

செப்டம்பர் 13, ஞாயிறு

போனேன். ஆன்ட்டி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து உரித்தேன். எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது.

"நாந்தாண்டி இப்ராகிம அனுப்புனேன்," என்றார் அவரே. "அதக் கேக்கத்தான வந்த?"

"ஏன் ஆன்ட்டி?"

"கோடவுன் தெரு ஸ்டீபன கூட்டினு போனாங்களே, தெரியுமா? நடந்துதான் போனாரு வண்டிக்கு. பிளாஸ்டிக்ல சுத்தித் தந்தாங்க. அவரு பொண்டாட்டி மூஞ்சியக் கூட பாக்கல. உள்ள இருந்தது அவருதானான்னு இன்னிக்கும் அது கேட்டுகினு கீது." வெங்காயத்தைக் கீழே வைத்தார். "நா எம்புள்ள மூஞ்சியப் பாத்தேன். நானே கழுவி உட்டேன். தல சீவி உட்டேன். அது உனுக்குத் தப்பாத் தெரியுதா?"

எனக்குத் தெரியவில்லை. தெருவைக் குற்றம் சொன்னபோது எல்லாம் தெளிவாக இருந்தது.

"அவன் குடிச்சிட்டு செத்தான்னு பேசறாங்க ஆன்ட்டி."

"எங்காதுலயும் உழுது." மறுபடியும் வெங்காயத்தை எடுத்து உரித்தார். "நவம்பர்ல குடுக்கறேன். பேரப் போட்டே எழுதிக்கச் சொல்லு."

டீ போட்டுக்கொடுத்தார். நான் வாசல் தாண்டும்போது கேட்டார்: "அன்னிக்கு மழையில அவன் சொட்டச் சொட்ட வந்து நின்னான். நீயும் நனைஞ்சியா?"

சைக்கிளில் காற்று இறங்கியிருந்தது. தள்ளிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 11, ஞாயிறு

மன்றத்தைத் திறந்து பெருக்கினார்கள். நான்கு போர்டையும் துடைத்து, காய்களைப் பெட்டியில் போட்டுவிட்டார்கள். நான் போவதற்குள் முடிந்துவிட்டது. யார் ஆட்டம் எந்த இடத்தில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. புதிதாக ஒரு விதி எழுதி ஒட்டியிருக்கிறார்கள்: டபுள்ஸ் கிடையாது.

பவுடர் வாசனை வந்தது. வாசலிலேயே வந்தது. நின்று நிறைய இழுத்தேன்.

நவம்பர் 10, செவ்வாய்

ரத்தம் கொடுத்தோம். ஆன்ட்டி, நான். சம்மதப் படிவத்தில், இறந்தவருக்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கேள்வி. ஆன்ட்டி 'அம்மா' என்று எழுதிவிட்டுப் பேனாவை என்னிடம் தந்தார். நான் எழுதி முடிக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

'கூட கேரம் ஆடியவள்' என்று எழுதினேன். ஹேமலதா அக்கா படித்தார். கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார். ஜூலை ஆறு, மன்றத்துக்குள், என்றேன்.

நவம்பர் 24, செவ்வாய்

புயல் வருகிறதாம். காலையிலிருந்து மழை. பஸ் நின்றுவிடும் என்று ஆன்ட்டி சொல்லியும் கேட்காமல் அவரைக் கூட்டிக்கொண்டு ஹேமலதா அக்கா இருக்கும் மையத்துக்குப் போனேன்.

இரண்டு பேர் ரிப்போர்ட்டிலும் எதிர்ப்புச் சக்தி இல்லை.

ஆன்ட்டி பேப்பரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "இல்லன்னா நல்லதுதான?" என்று கேட்டார்.

"ஆகஸ்ட்ல இருந்துச்சே அக்கா," என்றேன். "எனக்கு நெறைய இருந்துச்சி. நீங்கதான சொன்னீங்க?"

"நோய் வந்து நாலு மாசம் ஆச்சேம்மா. பல பேருக்கு இப்படித்தான் இறங்கிடுது. உங்க தெருவுலயே பாதிதான் இப்ப காட்டுது."

"எங்க போச்சு?"

"போகல. மெஷின் பிடிக்கிற அளவுக்கு இல்ல, அவ்ளோதான். உடம்புக்குள்ள ஞாபகம் இருக்கும். மறுபடி அந்த நோய் வந்தா அடையாளம் தெரிஞ்சிக்கும்னு சொல்றாங்க."

"அப்ப இருக்கு."

"இருக்கலாம். இந்த டெஸ்ட்ல தெரியாது."

ஆன்ட்டி என் தோளைத் தொட்டு, "வா, மழ வலுக்குது," என்றார். நான் நகரவில்லை. வெளியே ஆட்டோவில் இப்ராகிம், அவன் எழுதிய வாக்குமூலத்தை நனையாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதோடு சேர்த்துக் குழுவுக்கு அனுப்ப இந்தக் காகிதம் ஒன்றுதான் வேண்டும். பத்துக்கு ஏழு பேர் என்று பேப்பரில் போடத் தெரிந்தது. நோயை வென்ற பகுதி என்று எழுதத் தெரிந்தது. கேட்டைத் திறக்க எங்கள் ரத்தம் ஆகும். அவன் ஒருவன் பெயரை எழுத மட்டும் ஆகாதா?

ஹேமலதா அக்கா கையுறையைக் கழற்றினார். ஜன்னலைச் சாத்தினார்.

"ஞாபகம் இருக்குன்னு சொன்னீங்கல்ல," என்றேன். "அத எழுதுங்க. அவங்க ஒடம்புல இருக்கு, என் ஒடம்புல இருக்கு, மெஷினுக்குத்தான் தெரியலன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க அக்கா."